அமாவாசையில் மட்டும் உறைந்த குழாய்கள்

திருத்தணி மலையடிவாரத்தில், பஜ்ஜிக் கடைக்கும் செருப்பு விடும் இடத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. 'குடல் நச்சு நீக்கும் மூலிகைப் பொடி, ஏழே நாளில் பலன்' என்று பலகை. மலையிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் பஜ்ஜி சாப்பிடுகிறார்கள், பிறகு நான்கு எட்டு நடந்து பொடி வாங்குகிறார்கள். நோயையும் மருந்தையும் ஒரே நடையில் முடித்துக்கொள்ள இத்தனை வசதி பெரிய மருத்துவமனைகளில்கூடக் கிடையாது. என்ன நச்சை நீக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "எல்லா நச்சும்தாங்க" என்றார். அந்த நச்சை அளப்பதற்காகவே என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளைச் செலவழித்தவன் நான். இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை எந்தப் பேராசிரியரும் எனக்குத் தந்ததில்லை.

அதே வாரம், வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, நான் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு இளைய டெக்னீஷியன் அழைத்தார். ஆய்வகத்துக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறதாம். ரத்தத்தை வைத்தால் அதுவே நச்சின் அளவைக் காகிதத்தில் அச்சடித்துத் தந்துவிடுமாம். "நீங்கள்லாம் கையாலயே எப்படி சார் பண்ணீங்க? ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்களேன்" என்றார். தப்பாகச் செய்தோம் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். அவர் நான்கு பக்கம் கேட்டார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டு ஆண்டு படித்தேன், முப்பது ஆண்டு மற்றவர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் சளியையும் பார்த்தேன். சொல்லத்தக்க பழக்கம் ஒன்று உண்டு. தினசரி நாள்காட்டியில் கிழிக்கும் தாளை நான் எறிவதில்லை. அதன் பின்பக்கத்தில் அன்று நடந்ததை நேரத்தோடு எழுதிக் கட்டி வைப்பேன். முன்பக்கத்தில் திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் அச்சாகி இருக்கும். என் மனைவி இதைக் குப்பை சேர்க்கும் வியாதி என்பாள். அந்தக் குப்பைதான் பின்னால் ஒரு குடும்பத்துக்கு உதவியது. அதைச் சொன்னால் இன்றும் நம்பமாட்டாள்.

டாக்டர் சுகந்தி அப்போது ஓர் ஆய்வை ஆரம்பித்திருந்தார். அம்மையார்குப்பத்து விசைத்தறிக்காரர்கள் பலர் ஒல்லியாக இருக்கிறார்கள், ஆனால் சர்க்கரை இருக்கிறது, கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது. ஏன் என்பது கேள்வி. எனக்கு வீடு திருத்தணியில் என்பதால் என்னை அங்கே அனுப்பினார்கள். தகுதி அடிப்படையில் எனக்குக் கிடைத்த ஒரே பணி அது. தகுதி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பது.

அவர் சொன்ன விளக்கத்தை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். நம் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றில் ஒரு வகையின் மேல்தோலில் ஒரு நச்சு உண்டு. உயிரோடு இருக்கும்போது அதை அவை போர்த்திக்கொண்டிருக்கும். செத்தால் கழற்றி விட்டுவிடும். கொதிக்க வைத்தாலும் போகாத நச்சு. குடல் சுவர் ஒழுங்காக இருந்தால் அது உள்ளேயே கிடந்து மறுநாள் காலையில் வெளியேறிவிடும். நாம் கீரையையும் பயறையும் விட்டுவிட்டு எண்ணெயில் பொரித்ததையே தின்றுகொண்டிருந்தால் சுவரின் பூச்சு மெலியும். நச்சு கொழுப்போடு தொற்றிக்கொண்டு ரத்தத்தில் ஏறும். குடலிலிருந்து புறப்படும் ரத்தத்துக்குக் கல்லீரல்தான் அரக்கோணம் சந்திப்பு, எல்லாம் அங்கே நின்றுதான் போகவேண்டும். நச்சைக் கண்டதும் உடம்பின் காவல்காரர்கள் விசில் ஊதுகிறார்கள். ஒருநாள் ஊதினால் காய்ச்சல். தினமும் மெதுவாக ஊதிக்கொண்டே இருந்தால் யாருக்கும் கேட்பதில்லை. கல்லீரல் வீங்குகிறது, இன்சுலின் சொன்னதை உடம்பு கேட்க மறுக்கிறது, சர்க்கரை ஏறுகிறது.

இந்த நச்சை அளக்கும் முறை வேடிக்கையானது. கடலில் ஒரு நண்டு இருக்கிறது, குதிரை லாடம் போல. அதன் ரத்தம் நீல நிறம். அதிலிருந்து எடுத்த மருந்தில் நோயாளியின் ரத்தநீரைச் சேர்த்தால், நச்சு இருந்தால் உறையும், இல்லாவிட்டால் தண்ணீராகவே நிற்கும். அமாவாசைக்கு முட்டைகூடச் சேர்க்காத தெருவில், முருகன் படத்துக்குக் கீழே இருந்த குளிர்பெட்டியில் நண்டு ரத்தத்தை வைத்திருந்தோம். அறையை வாடகைக்குத் தந்தவரிடம் அது ஊசி மருந்து என்றே சொல்லியிருந்தேன்.

டாக்டர் சுகந்தியின் முறை இது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கவேண்டும். கண்ணாடிக் குழாய்களை முதல் நாளே இருநூற்றைம்பது டிகிரியில் சுட வேண்டும். மின்சாரத்தில் சூடாகும், பதினாறு துளை உள்ள அலுமினியக் கட்டையில், உடம்புச் சூட்டில், ஒரு மணி நேரம் குழாய்களை நிறுத்தவேண்டும். அந்த நேரத்தில் யாரும் தொடக்கூடாது, மேசையில் சாயக்கூடாது, இருமுவதானால் வெளியே போகவேண்டும். நேரம் முடிந்ததும் ஒவ்வொரு குழாயையும் ஒரே அசைவில் தலைகீழாகக் கவிழ்க்கவேண்டும். உறைந்தது அடியிலேயே நிற்கும், உறையாதது வழியும். வழிந்தால் 'இல்லை', நின்றால் 'உண்டு'.

அந்த அம்மாள் எதையும் பென்சிலில்தான் எழுதுவார். கோபித்துக்கொள்ளமாட்டார். "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்பார். நான் சொல்வேன். "நிச்சயமா?" என்பார். இரண்டாவது கேள்விக்குப் பயந்தே பலர் முதல் கேள்விக்கு உண்மை சொன்னார்கள்.

இடம் தேடியது நான். தறிக்கூடத்தை ஒட்டிய ஒரு அறை. அகலமான கடப்பைக்கல் மேடை ஒன்று பொதுச் சுவரிலேயே பதித்திருந்தது. துடைக்க எளிது, மட்டம் பார்க்கவே வேண்டாம். இதைவிட நல்ல மேடை கிடைக்காது என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னது என் தாளில் இருக்கிறது, காலை 11.05. சுவருக்கு அந்தப் பக்கம் பதினெட்டு தறிகள் ஓடின. மேடையில் வைத்த என் தேநீரில் நாள் முழுக்கச் சின்னச் சின்ன வளையம் எழும்பிக்கொண்டே இருந்தது. பார்க்க அழகாக இருந்தது, பார்த்துக்கொண்டே குடித்தேன்.

இனி ஜெயவேலு. சுவரை ஒட்டிய தறி அவருடையது. நாற்பத்தொரு வயது, விறகு போல உடம்பு. தறியை நிறுத்த மனமில்லாமல் காலையில் போண்டா, பகலில் பரோட்டா, சாயங்காலம் பஜ்ஜி, இடையில் டீ. வயிற்று வலிக்கு வெளியே ஸ்கேன் எடுத்ததில் கல்லீரல் வீக்கம் என்று வந்திருக்கிறது. கல்லீரல் என்றாலே பிராந்தி என்பது நம் ஊர் மருத்துவம். மனைவி விஜயாவின் அண்ணன் ஒருவர் குடித்தே இறந்தவர். அவருக்கும் முதலில் இதே சொல்லைத்தான் சொன்னார்களாம். விஜயா ஸ்கேன் காகிதத்தைப் படித்துவிட்டு, அன்றே ஆர்.கே.பேட்டையில் இருக்கும் தகப்பனார் வீட்டுக்குப் போய்விட்டார்.

"டீ தவிர எதையும் குடிச்சதில்ல சார்" என்றார் ஜெயவேலு. "வாயை ஊதிக் காட்டிட்டேன். ஏலக்கா மென்னுகினு வந்துட்டேன்றாங்க. சாப்பாட்டாலதான் இப்படின்னு நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, போதும்."

அவருடைய ரத்தத்தை மூன்று புதன்கிழமைகளில் சோதித்தேன். மூன்று முறையும் குழாய் வழிந்தது. மூன்று முறையும் சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'உணவுவழி நச்சு: இல்லை.' எங்கள் சோதனையில் தென்படவில்லை என்று எழுதியிருக்கவேண்டும். என் கையெழுத்து அழகாக இருக்கும், சுருக்கமாக எழுதினால் இன்னும் அழகாக இருக்கும். அந்தச் சீட்டுகளை அவரே கொண்டுபோய் மாமனாரிடம் கொடுத்திருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டார்.

மாமனார் முனிரத்தினம் மறு வாரமே சீட்டுகளோடு வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி. டாக்டரிடம் மரியாதையாகத்தான் பேசினார். "சாப்பாட்டால இல்லன்னு உங்காளு கையெழுத்துலயே கீதுங்க. அப்போ வேற எதால? காத்தாலயா?" என்றார். குழாயை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டமுடியாது என்று டாக்டர் சொன்னார். ஆங், ஆங் என்று தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். முடிவு ஆர்.கே.பேட்டையிலேயே கட்டியாகிவிட்டது. பெண்ணின் கல்யாணத்தை முறித்துவிடப் பஞ்சாயத்துப் பேசுவதாகப் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மாப்பிள்ளையின் தறி ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் டாக்டருக்கு ஒரு கண்டுபிடிப்பு கைகூடிக்கொண்டிருந்தது. சாதாரண நாட்களில் பெரும்பாலும் வழிகிற குழாய்கள் அமாவாசையன்று மட்டும் கும்பலாக உறைந்தன. தறிக்காரர்களுக்கு அமாவாசை விடுமுறை. படையல் போட்டு வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஓய்வாக வந்து கையை நீட்டுவார்கள். ஆகவே ஒரே ஒரு விருந்து போதும், நச்சு ரத்தத்தில் ஏறிவிடுகிறது என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் 'விருந்து விளைவு' என்று தலைப்பும் போட்டுவிட்டார். இடையில் ஒரு வியாழக்கிழமை, விருந்து எதுவும் இல்லாமலே ஒன்பது குழாய்கள் உறைந்திருந்தன. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு 'விலக்கு' என்று எழுதினார். விருந்தில் ஜெயவேலு ஏன் சேரவில்லை என்றால், ஒவ்வொரு அமாவாசையும் அவர் ஆர்.கே.பேட்டையில் மாமனார் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு விஜயா தனியாக வந்தார். அப்பாவுக்குத் தெரியாது என்றார். சீட்டில் இருப்பது நிஜமா என்று கேட்க வந்திருந்தார். 'நிஜம்' என்று நான் சொல்லிவிடக்கூடாது என்பது போலக் கேட்டார். அப்போது குழாய்கள் கட்டையில் இருந்தன. ஆகவே பதிலுக்குப் பதிலாகப் பாடம் நடத்தினேன். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான் இது, அசையாமல் இருக்கவேண்டும், அதனால்தான் மெதுவாகப் பேசுகிறோம் என்று கிசுகிசுத்தேன். விஜயா தறிக்காரர் மகள். சத்தம் கேட்டுப் பழகியவர், கிசுகிசுப்பு கேட்டுப் பழகியவர் அல்ல. என்ன என்று கேட்கக் குனிந்தவர், கடப்பைக்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்தார். திரும்ப வைத்தார்.

"கல்லு ஆடுதே சார்" என்றார். "உறை ஊத்தின பாலை இப்படி ஆட்டிகினே இருந்தா எப்படித் தோயும்?"

நான் என் தேநீரைப் பார்த்தேன். வளையங்கள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் வீட்டில் நாள்காட்டித் தாள்களைத் தரையில் பரப்பினேன். குழாய்கள் உறைந்ததாகப் பின்பக்கத்தில் எழுதியிருந்த தாள்களையெல்லாம் எடுத்துத் திருப்பினேன். அமாவாசை, அமாவாசை, அமாவாசை. அப்புறம் அந்த ஒரு வியாழன், திதி தசமி. அதன் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது: 'காலை ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை, பராமரிப்புப் பணி. கட்டை இன்வெர்ட்டரில் ஓடியது.' கட்டைக்கு இன்வெர்ட்டர் இருந்தது, தறிகளுக்கு இல்லை. விருந்தும் இல்லை, விளைவும் இல்லை. தறி நின்றால் குழாய் உறைந்தது, தறி ஓடினால் உறைய உறையக் கலைந்தது. ஜெயவேலுவின் சாட்சியை மூன்று புதன்கிழமையும் கலைத்தது, முதன்மையாக ஜெயவேலுவின் தறியே.

இதை முதல் வாரமே பிடித்திருக்க முடியும். பலமாக நச்சுக் கலந்த ஒரு குழாயும், லேசாகக் கலந்த ஒரு குழாயும் ஒவ்வொரு நாளும் கூடவே வைக்கவேண்டும் என்று மருந்தோடு வந்த காகிதத்தில் இருந்தது. பலமானது லாரியில் வைத்தாலும் உறையும். லேசானது கலைந்து எங்களை எச்சரித்திருக்கும். இருந்தது பதினாறு துளை. இன்னொரு நோயாளிக்கு இடம் வேண்டுமே என்று லேசானதை நான்தான் எடுத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. தாளிலும் எழுதவில்லை. வரலாறு எழுதுகிறவர்கள் எதை எழுதாமல் விடுகிறார்கள் என்று எனக்கு அன்று தெரிந்தது.

மறுநாள் இரண்டையும் டாக்டரிடம் சொன்னேன். "எத்தனை மணிக்கு எடுத்தீங்க?" என்று கேட்டார். எந்த மாதம் என்றுதான் சொல்ல முடிந்தது. இரண்டாவது கேள்வி வரவில்லை. பென்சிலைத் திருப்பி, அதன் முனையில் இருந்த ரப்பரால் 'விருந்து விளைவு' என்பதை அழித்தார். மூன்று மாத உழைப்பு, அரை நிமிடத்தில் ஊதித் தள்ளப்பட்டது. பிறகு அலுமினியக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்தார். குளிரில் உறையவிட்டிருந்த ஜெயவேலுவின் பழைய ரத்தநீரை என் சமையலறை மேடையில் சோதித்தோம். ஒரு மணி நேரம் கிரைண்டரை ஓடவிடக்கூடாது என்று என் மனைவிக்கு உத்தரவு. மூன்று குழாய்களும் கவிழ்த்தபின் அடியிலேயே நின்றன. கிரைண்டரை நிறுத்தியதால் மறுநாள் இட்லி கிடையாது என்றாள் மனைவி. ஆய்வில் பங்கேற்றவர்களின் தியாகங்களைக் கட்டுரைகளில் யாரும் குறிப்பிடுவதில்லை.

புதுச் சீட்டு எழுதியதும் கதை முடிந்துவிடும் என்று நினைத்தேன். முனிரத்தினம் பழைய மூன்றையும் புதியதையும் மேடையில் வரிசையாக வைத்தார்.

"முன்ன இல்லன்னீங்க, இப்போ கீதுன்றீங்க. சரி, கீதுன்னே வெச்சிப்போம். குடிக்கிறவனுக்கு இது வராதா?"

டாக்டர் சுகந்திக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஒரு நாள் விடுப்பு எடுத்துக் கற்றுக்கொண்டிருக்கலாம். "வரும்" என்றார். "குடியும் அதே கதவைத்தான் திறக்கும். யார் திறந்தாங்கன்னு குழாய் சொல்லாது."

கதவோரம் நின்றிருந்த ஜெயவேலு தறிக்குத் திரும்பிப் போனார். கல் மறுபடி ஆட ஆரம்பித்தது.

வழியை முனிரத்தினமே சொன்னார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், மாப்பிள்ளை தன் வீட்டில் தன் கண் எதிரிலேயே இருக்கவேண்டும். குடியை நிறுத்தினால் கல்லீரல் தணியும். தணிந்தால் இத்தனை நாள் குடித்தது உறுதி. பஞ்சாயத்துக்கு அந்தக் காகிதம் போதும். தணியாவிட்டால் என்று டாக்டர் கேட்டார். தணியும் என்றார். டாக்டர் அன்றே ரத்தம் எடுக்கச் சொல்லி, கல்லீரலின் பாதிப்பைக் காட்டும் எண்ணைப் பென்சிலில் குறித்துக்கொண்டார்.

அந்த மண்டலத்தை நான் தினமும் பார்த்தேன். காலையில் மாமனாரும் மருமகனும் ஒரே பேருந்தில் இறங்குவார்கள். தறிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மாமனார் உட்காருவார். மருமகன் பின்பக்கம் ஒதுங்கப் போனாலும் கூடவே எழுந்து போவார். சாயங்காலம் வாயை முகர்ந்துவிட்டே பேருந்து ஏறுவார்கள். ஆனால் சந்தேகப்பட்ட மாப்பிள்ளையானாலும் மாப்பிள்ளை அல்லவா. வீட்டுக்கு வந்திருக்கிறவருக்குக் கஞ்சி ஊற்றினால் ஊர் என்ன சொல்லும்? காலையில் பூரி, பகலுக்கு டப்பாவில் நெய்ச் சோறும் வறுவலும், சாயங்காலம் வடை, ஞாயிறு கறி. குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவருக்கு இப்படிப்பட்ட சாப்பாடு போட்ட நீதிமன்றத்தை நான் எங்கும் படித்ததில்லை. முப்பதாம் நாள் ஜெயவேலு சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடுவதை நிறுத்திவிட்டார்.

நாற்பத்தொன்பதாம் நாள் அமாவாசையாக வாய்த்தது. தறிகள் நின்றிருந்தன. மாமனார், மருமகன், விஜயா மூவரும் வந்தார்கள். ரத்தம் எடுத்தேன். கல்லூரிக்குப் போய் எண் வருவதற்குச் சாயங்காலம் ஆனது. அதற்குள் குழாய் கட்டையில் ஒரு மணி நேரம் இருந்து முடித்திருந்தது. இந்தமுறை லேசான குழாயும் பக்கத்தில் இருந்தது.

டாக்டர் தொலைபேசியில் வந்த எண்ணை எழுதிக்கொண்டு முனிரத்தினத்தைப் பார்த்தார். "இந்த நாற்பத்தெட்டு நாள்ல இவர் குடிச்சாரா?"

"ஒரு சொட்டு கெடையாதுங்க" என்றார் முனிரத்தினம். "கூடவே இருந்தேன். நான் கேரண்டி."

"நிச்சயமா?"

"என் பொண்ணு மேல சத்தியமுங்க."

டாக்டர் காகிதத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். எண் குறையவில்லை. முன்பிருந்ததைவிடக் கூடியிருந்தது. நான் ஜெயவேலுவின் குழாயை எடுத்துக் கவிழ்த்தேன். அடியில் அப்படியே நின்றது. முனிரத்தினம் குழாயைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மருமகனின் வயிற்றைப் பார்த்தார். தான் கொடுத்த கேரண்டியைத் திருப்பி வாங்க வழியிருக்கிறதா என்று தேடுவது போலிருந்தது.

விஜயாதான் பேசினார். "அப்போ நம்ம வீட்டுப் பூரிதான் குடிகாரனா நைனா?"

முனிரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய் நின்றார். விஜயா அன்று ஆர்.கே.பேட்டைப் பேருந்தில் ஏறவில்லை. இரண்டு தெரு தாண்டித் தன் வீட்டுக்கு நடந்து போனார், ஜெயவேலு நான்கு அடி பின்னால். நேரம் 5.50.

ஆய்வுக் கட்டுரை இரண்டு ஆண்டு கழித்து, சுவரை ஒட்டாத வேறு ஒரு மேடையில் எல்லாவற்றையும் மறுபடி செய்தபின் வெளிவந்தது. அதில் தறியைப் பற்றி ஒரு வரி உண்டு. விஜயாவின் உள்ளங்கையைப் பற்றி இல்லை.

அந்த அமாவாசைக்குப் பத்து நாள் கழித்து முனிரத்தினம் ஒரு எவர்சில்வர் தூக்கோடு வந்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. தூக்கைத் திறந்து மேடையில் வைத்தார். சுடச்சுட மசால் வடை. பின்னாலேயே வந்த ஜெயவேலு எட்டிப் பார்த்தார். முனிரத்தினம் மூடியை அவர் பக்கமாகச் சாய்த்து மறைத்துக்கொண்டார்.

"டாக்டரம்மாவுக்குத்தான். மாப்பிள்ளைக்குக் கெடையாது" என்றார்.

"பாத்துக்கோங்க சார்" என்றார் ஜெயவேலு என்னிடம். "குடிகாரன்னு நெனச்சப்போ பூரி போட்டாங்க. குடிக்கலன்னு தெரிஞ்சதும் கூழு ஊத்துறாங்க."

ஆனாலும் அடுத்த இரண்டு மாதத்தில், கேழ்வரகிலும் கீரையிலும் பயறிலும், அவருடைய எண் பாதியாகக் குறைந்தது. பொத்தானும் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அந்த வடையின் எண்ணெய் ரத்தத்தில் எதை ஏற்றும் என்பதை அந்த அறையில் இருந்த இருவருக்குத்தான் குழாய் கவிழ்த்துப் பார்த்தே தெரியும். டாக்டர் சுகந்தி தூக்கைப் பார்த்தார், முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார், பென்சிலைக் கீழே வைத்தார். அன்றைய தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: 'டாக்டர், வடை, இரண்டு. பகல் 12.20.' எழுதாமல் விட்டதை இந்தக் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளும்படி இளைய நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன். நான், ஐந்து.